கண்ணாடித் துளிக்குள் இராசம்மா

இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். மனித உடம்பின் உயிர்க்கலங்களைக் கண்ணாடியில் வளர்க்கிற வேலை யாழ்ப்பாணத்தில் முன்னொரு காலம் நடந்ததாமே, அதில் நீங்கள் இருந்தீர்களாமே என்று கேட்டார்கள். நடந்தது, இருந்தேன் என்றேன். மின்சாரம் இல்லாமல் எப்படி என்று அந்தப் பெண் பிள்ளை கேட்டாள். அதற்கு மறுமொழி சுலபம். கூட வந்த பையன், நோயாளியின் சம்மதம் வாங்கித்தான் எடுத்தீர்களா என்று கேட்டான். அதற்கு ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை. அன்று அவர்களுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

நான் குருநகரில் பிறந்தவள். தகப்பன் வள்ளம் வைத்திருந்தார். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து, தாதியாகப் பயிற்சி பெற்று, பட்டணத்தில் ஒரு வைத்தியசாலையில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் இன்றைக்கும் நினைவிருப்பவை கார்பாலிக் மணமும் கால் உளைவும்தான். முப்பதுகளின் நடுவில் டாக்டர் அருளம்பலம் சீமையில் சத்திரசிகிச்சை படித்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்த கையோடு, துணி அடுக்கி வைத்திருந்த ஒரு சின்ன அறையைக் கேட்டு வாங்கினார். அதில் வேலை செய்ய ஒரு தாதியும் வேண்டும் என்றார். என்னை அனுப்பினார்கள். அதற்கு என் கெட்டித்தனம் காரணமல்ல. அந்த அறையில் வாய் திறக்கக் கூடாது, மூச்சோடு கிருமி போய்விழும். வார்டில் குறைவாகக் கதைக்கிறவள் நான்தான் என்று தலைமைத் தாதியான பெரிய மிஸி சொல்லியிருந்தார்.

டாக்டர் அருளம்பலம் மெலிந்த மனிதர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டித் துடைக்கிறவர் முதல் பெரிய உத்தியோகத்தர் வரை எல்லோரையும் நீங்கள் என்றே அழைப்பார். கோபம் வந்தால் போய் இன்னொரு தரம் கை கழுவுவார். சவர்க்காரத்தை நுரைக்க நுரைக்கத் தேய்த்து, நகத்தின் அடியெல்லாம் தூரிகையால் உரஞ்சி, முழங்கை வரை கழுவி முடிக்கும்போது கோபம் போயிருக்கும். அல்லது சொல்ல வேண்டியதை மூன்று நான்கு சொல்லுக்குள் அடக்கியிருப்பார். கோயிலுக்கும் போகமாட்டார், சேர்ச்சுக்கும் போகமாட்டார். அதைப்பற்றி யாரோடும் தர்க்கித்ததும் இல்லை.

அவரைப் பிடித்தாட்டிய கேள்வி இதுதான். வயிற்றைத் திறந்து மூடிய பிறகு சிலருக்குக் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே நார் ஓடி, கயிறு போட்டதுபோலக் குடலை நெரிக்கும். அதை வெட்டிவிட மறுபடியும் திறந்தால், திறந்த இடத்தில் மறுபடியும் ஒட்டும். வேறு சிலருக்கோ எத்தனை தரம் திறந்தாலும் ஒன்றும் ஆகாது. வயிற்றின் உட்புறத்தை ஈரப் பட்டுப்போல மூடியிருக்கும் மெல்லிய உறையில் நார் நெய்கிற கலங்கள் இருக்கின்றன. காயம் ஆற்றுவது அவற்றின் வேலை. அவை ஏன் ஒருவருக்கு அளவோடு நெய்கின்றன, இன்னொருவருக்கு அளவு மீறி நெய்கின்றன? உடம்புக்குள் எட்டிப்பார்க்க முடியாது. ஆகவே உடம்புக்கு வெளியே வளர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்.

வளர்க்கிற விதத்தைச் சொல்கிறேன். சத்திரசிகிச்சையின்போது அந்த உறையில் நகத்துண்டு அளவு வெட்டி, சூடாக்கிய உப்பு நீரில் போட்டு எங்கள் அறைக்கு அனுப்புவார்கள். அதை நான் கடுகிலும் சின்னதாக நறுக்குவேன். கண் சத்திரத்துக்குப் பாவிக்கும் கத்திதான் அதற்குச் சரி. மெல்லிய கண்ணாடி வில்லை ஒன்றின் நடுவில் சேவலின் குருதித் தெளிவு ஒரு துளி, அதற்குள் ஒரு துண்டு, அதன்மேல் கருக்கட்டிய கோழிமுட்டைக்குள் வளரும் குஞ்சை நசித்து எடுத்த சாறு ஒரு துளி. ஊசி முனையால் ஒரு கலக்கு. சொற்ப நேரத்தில் அது பாலாடைபோல உறைந்துவிடும். உறைந்ததும் வில்லையைக் கவிழ்த்து, குழி விழுந்த தடித்த கண்ணாடி மேல் வைத்து, ஓரத்தை உருக்கிய மெழுகால் அடைப்பேன். துளி கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டு நிற்கும். பிறகு அதை இரட்டைச் சுவருள்ள செப்புப் பெட்டிக்குள் வைப்போம். சுவர்களுக்கிடையே தண்ணீர், கீழே மண்ணெண்ணெய் விளக்கு. திரியைக் கூட்டிக் குறைத்து மனித உடம்பின் சூட்டில் அந்தப் பெட்டியை நிறுத்த வேண்டும். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் அது பெரும் பாடு.

சேவல் வைத்தியசாலையின் பின்புறம் கூட்டில் நின்றது. அதைப் பார்க்க அச்சுவேலியைச் சேர்ந்த கந்தையா என்ற சிற்றூழியர் இருந்தார். அவர் சிறகை விரித்துப் பிடிக்க, டாக்டர் சிறகு நரம்பில் இரத்தம் எடுப்பார். ஐஸில் புதைத்த குழாயில் அதை வாங்கி, கையால் சுழற்றும் பொறியில் சுற்றி, தெளிந்ததைப் பிரிப்போம்.

முதல் சில மாதம் எதுவும் வளரவில்லை. துண்டுகள் வைத்தபடியே கிடந்து கருகின. கண்ணாடியைக் கழுவிய கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் பிறகு கண்டுபிடித்தார். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கழுவிக் காயவைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு படை நின்றுவிடும். மாரி மழையைப் பிடித்து வடித்து எடுத்த தண்ணீரில் கழுவத் தொடங்கிய பிறகு கலங்கள் வெளியே வந்தன. முதன்முதல் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. துண்டின் ஓரத்திலிருந்து நாலா பக்கமும், இரு முனையும் கூராக, நெத்தலிக் குஞ்சுகள் கலைந்து ஓடுவதுபோல நின்றன. டாக்டர் நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பி, எனக்கு இடம் விட்டு, போய்க் கை கழுவினார். அன்றைக்கு அது கோபமில்லை.

இனி இராசம்மாவின் கதை. அவர் அச்சுவேலிப் பக்கம் புகையிலைத் தோட்டம் செய்த கதிரவேலு என்பவரின் மனைவி. பிள்ளைகள் இல்லை. குடல்வாலை அகற்ற ஒரு தரம் வயிற்றைத் திறந்தார்கள். பிறகு குடல் ஒட்டி இரண்டாம் தரம். அதற்குப் பின்னும் வாந்தியும் வயிற்று வீக்கமுமாக மூன்றாம் தரம் வந்து சேர்ந்தார். சுத்த சைவம். வார்டுக் கோப்பையில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். முட்டை ஊற்றிக் குடித்த கோப்பையாக இருக்கும் என்பார். கதிரவேலு வீட்டிலிருந்து செம்பும் கஞ்சியும் கொண்டுவந்து கட்டிலருகே நிற்பார். அவ்வளவு நோவிலும் இராசம்மாவுக்குப் பகிடி குறையவில்லை.

“மிஸி, திறந்து திறந்து மூடுறியள். இந்த முறை பொத்தான் வைச்சுத் தையுங்கோவன்” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

சத்திரத்துக்கு முதல் நாள் டாக்டர் கட்டிலருகே போய், வயிற்றின் உள்ளுறையில் ஒரு சின்னத் துண்டு எடுத்து வைத்துப் பார்க்கப்போவதாகச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். எனக்குள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களாவது பாருங்கள் என்று இராசம்மா சொன்னார். கதிரவேலுவும் தலையாட்டினார். வைத்துப் பார்ப்பது என்றால் வளர்ப்பது என்று அவர்களுக்கு விளங்கியிராது. விளங்கப்படுத்தவும் இல்லை. அந்தக் காலத்தில் வேறொரு வைத்தியர் அவ்வளவுகூடக் கேட்டிருக்கமாட்டார்.

உள்ளே குடல் முழுவதும் ஒரே கட்டியாகப் பிணைந்திருந்தது என்று சத்திர அறையில் நின்றவர்கள் சொன்னார்கள். டாக்டர் வெகுநேரம் நின்று பிரித்தார். சில நாள் கழித்து இராசம்மா இறந்துபோனார். கதிரவேலு வண்டி கொண்டுவந்து உடலை ஏற்றிப் போனார்.

இராசம்மாவின் கலங்கள் வளர்ந்தன. நான் வளர்த்தவற்றுள் அப்படி வளர்ந்தது வேறில்லை. மற்றவர்களின் துண்டிலிருந்து தயங்கித் தயங்கி வருபவை, இராசம்மாவின் துண்டிலிருந்து மறுநாளே பாய்ந்து வந்தன. துளி நிறைந்ததும் வெட்டி இரண்டாக்கி வைத்தால் இரண்டும் நிறைந்தன. டாக்டர் உறைந்த துளியில் கத்தி முனையால் ஒரு கீறல் போட்டு, அந்த இடைவெளி எப்போது மூடுகிறது என்று பார்ப்பார். இராசம்மாவின் கலங்கள் எல்லாவற்றுக்கும் முந்தி மூடிவிடும். தேடியது கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுபோல டாக்டர் அந்த நாட்களில் நடந்துகொண்டார். சாப்பாட்டுக்கும் போகாமல் அறையிலேயே இருப்பார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பின்பு ஒருநாள் கதிரவேலு வந்து அறை வாசலில் நின்றார். மொட்டையடித்த தலை, தோளில் ஒரு சால்வை. கந்தையா அச்சுவேலிச் சந்தையில் வைத்து அவரிடம் சொல்லிவிட்டார்: உன்ரை மனுசியின்ரை சதை ஆசுப்பத்திரியிலை உயிரோடை கிடக்கு.

டாக்டர் அவரை உள்ளே அழைத்து, கை கழுவச் சொல்லி, தன் கதிரையில் இருத்தினார். கண்ணாடி ஒன்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்து, கண்ணாடிக்கு வெளிச்சம் திருப்பி, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினார். கதிரவேலு நெடுநேரம் பார்த்தார்.

“இது அவவோ?” என்றார்.

அவருடைய வயிற்றுக்குள் இருந்த உறையின் கலங்கள், உயிரோடு இருக்கின்றன, பெருகுகின்றன என்று டாக்டர் விளக்கினார். நோகுமோ என்று கதிரவேலு கேட்டார். நோகாது, நோவை அறிகிற நரம்பு எதுவும் அதில் இல்லை என்றார் டாக்டர். பிறகு டாக்டர், கேட்காத ஒன்றையும் தானாகவே சொன்னார். குடலை ஒட்டவைத்த நாரை நெய்தவை இதே கலங்கள்தான் என்றார்.

கதிரவேலு தலை நிமிர்ந்தார். “அப்ப உதுதான் அவவைச் சாக்காட்டினது.”

“ஓம். உதுதான்.”

நான் மெழுகுச் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவர் அதைத் தட்டி உடைப்பார் என்றே நினைத்தேன். அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார்.

“உதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறியள்?” என்று கேட்டார்.

சேவல் இரத்தத்தின் தெளிவும், முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் சாறும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அதைக் கேட்டதும்தான் கதிரவேலு உடைந்தார். சத்தமில்லை. சால்வையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். பிறந்த நாளிலிருந்து அவள் ஒரு முட்டை தொட்டதில்லை, அவள் தொடாததை இப்போது ஊட்டுகிறீர்களே என்று விக்கி விக்கிச் சொன்னார். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, நீங்கள் சொன்னால் இப்போதே எல்லாவற்றையும் நிறுத்துகிறேன், எரிப்பதோ கரைப்பதோ உங்கள் விருப்பம் என்றார்.

கதிரவேலு சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார்: “மனிசற்றை ரத்தம் சரிவராதோ?”

“வரும். ஆனால் குஞ்சுச் சாறு இல்லாமல் கனகாலம் நிக்காது. வளராது. சும்மா இருந்து, பிறகு போயிடும்.”

“நிக்கிற மட்டும் நிக்கட்டும். என்ரையை எடுங்கோ.”

டாக்டர் அவரிடம், உங்கள் மனைவியைக் கொன்றவை என்று நானே சொன்ன பிறகும் ஏன் என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டது எனக்கு அதிசயமாக இருந்தது. நோயாளிகளின் காரணங்களை விசாரிக்கிறவர் அல்ல அவர்.

“அதுவும் அவதானே, டொக்குத்தர் ஐயா” என்று கதிரவேலு சொன்னார்.

அவர் போனபின், கீறல் மூடுகிற கணக்கு முடிய இன்னும் கொஞ்சக் காலம்தான் வேண்டும், இரண்டு கண்ணாடிகளை மட்டும் பழைய உணவில் வைத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் போய்க் கை கழுவினார். துடைத்துக்கொண்டே, “எல்லாத்தையும் மாத்துங்கோ, மிஸி” என்றார். அன்று பின்னேரத்துக்குள் இராசம்மாவின் துண்டுகள் எல்லாவற்றையும் வெட்டி, உப்பு நீரில் அலசி, கதிரவேலுவின் குருதித் தெளிவில் வைத்தேன். மனிதக் குருதி சேவலினதைப்போலச் சட்டென்று உறையாது. கண்ணாடியைக் கவிழ்க்கப் பொறுமை வேண்டும்.

அதன் பிறகு கதிரவேலு கிழமைக்கு ஒரு தரம் வந்தார். தோட்டத்துக்கு இறைத்துவிட்டு, குளித்து, விபூதி பூசி, பஸ்ஸில் வருவார். கையை நீட்டுவார். இரத்தம் எடுத்ததும் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். ஆரம்பத்தில் கலங்கள் திடமாகவே இருந்தன. பிறகு பாய்ச்சல் நின்றது. ஒன்றிரண்டு மட்டும் மெல்ல நகர்ந்தன. அவர் என்னோடு அதிகம் கதைக்கமாட்டார். ஒரு தரம், மனுசி கலியாணமான புதிதில் வேப்பம்பூ வடகம் போட்டதைச் சொன்னார். இன்னொரு தரம், ஒட்டுகிற குணம் அவவுக்கு எப்போதும் உண்டு, தாய்வீட்டுக்குப் போனால் இரண்டாம் நாளே திரும்பி வந்துவிடுவா என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த அறையில் வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளையை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

ஒருநாள் காலை கண்ணாடிகளைப் பார்த்தபோது கலங்கள் முனை சுருங்கி உருண்டு, உள்ளே மணல்போலப் பொரி தட்டியிருந்தன. அப்படி ஆனால் திரும்ப வராது. டாக்டரும் பார்த்தார். கதிரவேலு வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “முடிஞ்சுதோ, மிஸி?” என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அவர் சட்டைக் கையை ஏற்கனவே மேலே சுருட்டியிருந்தார். அதை மெல்ல இறக்கிவிட்டார்.

வில்லைகளைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தேன். அவர் பஸ்ஸில், அஸ்தி கரைக்கிற கீரிமலைக் கடலுக்குப் போகப் புறப்பட்டபோது, டாக்டர் தன் காரை எடுத்தார். என்னையும் ஏறச் சொன்னார். காங்கேசன்துறை வீதி வழியாகப் போனோம். கடற்கரையில் டாக்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காற்சட்டையோடு தண்ணீர் விளிம்பில் நின்றார். கதிரவேலு இடுப்பளவு இறங்கிப் போய், பஞ்சைப் பிரித்து, வில்லைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விட்டு, முழுகி எழும்பினார். கரைக்கு வந்ததும், அவவிடமிருந்து நீங்கள் தேடினது கிடைத்ததா என்று டாக்டரிடம் கேட்டார். அரைவாசி என்றார் டாக்டர்.

அவை ஏன் அப்படி அளவு மீறி நெய்கின்றன என்ற மிச்ச அரைவாசி கிடைக்கவில்லை. பிறகு பலருடைய துண்டுகளை வளர்த்தோம். இராசம்மாவினதைப்போல ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, துண்டு எடுப்பதற்கு முன் டாக்டர் நோயாளியையும் வீட்டுக்காரரையும் அறைக்கு அழைத்துவந்து கண்ணாடியைக் காட்டினார். என்ன உணவு கொடுக்கிறோம் என்பதையும் சொன்னார். வேண்டாம் என்றவர்கள் உண்டு. அவர்களுடையதை எடுக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய் பங்கீட்டுக்குப் போய்விட்டது. வார்டு விளக்குகளுக்கே போதாதபோது செப்புப் பெட்டிக்குக் கேட்பது சரியில்லை என்று டாக்டர் தீர்மானித்தார். கடைசியாக வைத்தவை வளர்ந்து முடியட்டும் என்று மட்டும் விட்டார். அந்த நாட்களில் கதிரவேலு குடலிறக்கத்தோடு வார்டுக்கு வந்தார். தோட்டக் கிணற்றில் துலாவால் தண்ணீர் இறைத்து இறைத்து வந்தது. தலை நரைத்திருந்தது, மறுபடி கலியாணம் செய்யவில்லை.

சத்திரத்துக்கு முதல் நாள் டாக்டர் கேட்பதற்கு முன் அவரே சொன்னார், தன்னுடைய உறையிலும் ஒரு துண்டு எடுக்கட்டும் என்று. எண்ணெய் இல்லை, கனநாள் வைத்திருக்க முடியாது என்றார் டாக்டர். பரவாயில்லை என்றார் அவர். உணவு விஷயத்தில் யோசிக்க வேண்டாம், தான் மச்ச மாமிசம் தின்கிறவன்தான், அவவுக்காக வீட்டில் விட்டிருந்தது மட்டுமே என்றும் சொன்னார்.

அவருடைய கலங்கள் வந்தன. வேகமில்லை, தயக்கமுமில்லை. எல்லோருடையதையும் போல வந்தன. டாக்டர் அவரைக் கைத்தாங்கலாக அறைக்குக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார். கதிரவேலு இடது கண்ணை மூடி, வலது கண்ணை வைத்துப் பார்த்தார். பழகிய கை, வெளிச்சத்தைத் தானே திருப்பிக்கொண்டார்.

“அவவின்ரை மாதிரியே கிடக்கு” என்றார்.

“ஓம்” என்றார் டாக்டர். “இப்பிடி வைச்சுப் பாத்தால் ஆரின்ரை எண்டு சொல்லேலாது.”

கதிரவேலு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு எழும்பினார். தையல் இன்னும் வெட்டவில்லை. வார்டு வரை மெல்ல மெல்லத்தான் நடந்து போனார்.